விமான நிலையச் சாலையில் இருநூறு கஜம்

"சாய்ஞ்சு உக்காரும்மா. டிக்கெட் கொடுக்கவா போறே?"

கார் ஓட்டிக்கொண்டிருந்த தேஜா சிரித்தான். பேருந்தில் இருபத்தேழு வருடம் நின்றுகொண்டே ஊர் சுற்றிய சத்தியவதிக்குக் காரின் முன் இருக்கை இன்னும் பழகவில்லை. நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தாள்.

"நீ ரோட்டைப் பாரு."

கண்டக்டர் வேலையிலிருந்து அவள் ஓய்வு பெற்று நாற்பது நாள் ஆகிறது. உழைத்ததெல்லாம் ஒரே தொகையாக வங்கியில் வந்து விழுந்த நாளிலிருந்து விசாகப்பட்டினத்து வீட்டில் வேறு பேச்சே இல்லை. மருமகள் மௌனிகா, ஊருக்குள்ளேயே ஒரு ஃபிளாட் வாங்கலாம் என்றாள். தேஜா நிலம்தான் என்று ஒற்றைக்காலில் நின்றான். புது விமான நிலையம் வருகிற பக்கம் ஒரு மனை வாங்கிப் போட்டுவிட்டுப் பதினைந்து வருடம் மறந்துவிட வேண்டும், பேத்தி காலேஜ் முடிக்கும்போது எடுத்துப் பார்த்தால் போதும் என்பது அவன் கணக்கு. போன ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுத் தட்டுகளின் முன்னால் அது புருஷன் பெண்டாட்டி சண்டையாக முற்றியபோது, சத்தியவதி கையைக் கழுவிக்கொண்டு எழுந்தாள். "என் பணம். நானே போய்ப் பாக்கறேன், நானே சொல்றேன்" என்றாள்.

அதுதான் இன்றைய பயணம். வக்கீலிடம் காகிதங்களைக் காட்டியாகிவிட்டது. மனை பிடித்திருந்தால் மூன்று மணிக்கு ஒப்பந்தம்.

நெடுஞ்சாலையின் இருபுறமும் விளம்பரப் பலகைகள். ஒவ்வொன்றிலும் ஒரு விமானம் தலைகீழாக இறங்குகிற மாதிரி பறந்தது. இளநீர் குடிக்க நிறுத்திய இடத்தில், வெட்டிக்கொடுத்தவன் மீதிச் சில்லறையோடு ஓர் அட்டையும் நீட்டினான்.

"அம்மா, மனை வேணும்னா நம்பளைக் கேளுங்க. கிழக்கு பாத்த மனையெல்லாம் இருக்கு."

"இளநி நல்லாருக்கு. அதையே வித்துக்கிட்டு இரு" என்றாள் சத்தியவதி.

விமான நிலையத்தின் மதில் வந்தது. வந்துகொண்டே இருந்தது. அதற்கு அப்பால், வெயிலில் மீன்முதுகு போல ஒரு கூரை மின்னியது. தேஜா வண்டியின் வேகத்தைக் குறைத்தான். கோயில் கோபுரம் தெரிந்ததும் கன்னத்தில் போட்டுக்கொள்பவர்களின் பார்வை அவனிடம் இருந்தது.

"பாத்தியா? நம்ம மனை இங்கேருந்து ஒன்பதே கிலோமீட்டர்மா."

மனை இருந்த தாடிவலசை கிராமத்துக்குத் திரும்பும் முக்கில் தரகர் அப்பலராஜு பைக்கோடு காத்திருந்தார். அவர் பின்னாலேயே செம்மண் பாதையில் போனார்கள். முந்திரி மரங்கள் தாழக் கிளை விரித்து நின்றன. நடுநடுவே வெள்ளையடித்த கற்கள், அவற்றில் சிவப்பு மையில் எண்கள். கடைசிக் கல்லில் இருபத்திரண்டு என்று எழுதியிருந்தது.

நிலத்துக்காரர் சன்யாசிராவ் மர நிழலிலிருந்து எழுந்து வந்து கும்பிட்டார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். துவைத்துத் துவைத்து மெலிந்த வெள்ளைச் சட்டை. இரண்டு கையாலும் மோர்த் தம்ளரை நீட்டினார்.

சத்தியவதி குடித்துவிட்டு நடக்க ஆரம்பித்தாள். போர் போட்டால் எத்தனை அடியில் தண்ணீர், மழைத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும், பாதை அகலம் எத்தனை என்று கேட்டுக்கொண்டே நான்கு எல்லையையும் சுற்றினாள்.

"டவுன்லேருந்து வர்றவங்க ஃபோன்ல படம் எடுத்துட்டுப் போயிடுவாங்க" என்றார் சன்யாசிராவ். "நீங்கதாம்மா கால் வச்சு நடந்து பாக்கறீங்க."

குரலில் பொய் மரியாதை இல்லை. பெண் கல்யாணம் வைசாக மாதத்தில், அதற்காகத்தான் விற்கிறேன் என்று அவரே சொன்னார். சத்தியவதிக்கு அவரைப் பிடித்துப் போயிற்று.

தேஜா பிடித்து வைத்திருந்தது ஏழாம் எண் மனை. இருநூறு சதுர கஜம், கிழக்குப் பார்த்தது, மூலை. அதன் நடுவில் ஒரு முந்திரி மரமும், மரத்தை ஒட்டித் தகரம் வேய்ந்த ஒரு வீடும் இருந்தன. வாசல் மெழுகியிருந்தது. ஒரு பெண் குத்துக்காலிட்டு உட்கார்ந்து முந்திரிப் பழத்திலிருந்து கொட்டையைத் திருகித் திருகிக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"யாரது?"

"காவலுக்கு இருக்கற பொம்பளை மேடம்" என்றார் அப்பலராஜு. "ரிஜிஸ்தர் ஆன மறுநாள் காலி பண்ணிடுவாங்க. அதைப் பத்தி நீங்க கவலையே படாதீங்க."

ஆண்கள் மூவரும் பாதை அகலத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க, சத்தியவதி அந்த வாசலுக்குப் போனாள்.

"கொஞ்சம் தண்ணி குடும்மா."

அந்தப் பெண் எழுந்து உள்ளே போய்ச் சொம்பில் கொண்டுவந்தாள். நெருக்கத்தில் முகத்தைப் பார்த்ததும் சத்தியவதிக்குச் சொம்பு வாயருகே நின்றுவிட்டது. கூட்டத்தில் யாரோடு யார் ஏறினார்கள், எந்தக் குழந்தை யாருடையது என்று முகத்தை வைத்தே பிரித்துச் சீட்டுக் கொடுத்தவள் அவள். இந்தப் பெண்ணின் இடது புருவம் நடுவில் அறுந்து, மறுபடி தொடங்கியது. சற்று முன் மோர்த் தம்ளரை நீட்டிய மனிதருக்கும் அதே புருவம்தான்.

"சன்யாசிராவ் உனக்கு என்ன வேணும்?"

"அண்ணன்" என்றாள் அவள். சொல்லும்போதே முகத்தில் ஒரு பெருமை. "பெரிய அண்ணன். சின்ன அண்ணன் குவைத்துல இருக்கான். என் பேரு நூகரத்னம். நீங்க கல்யாண விஷயமா வந்தவங்களா?"

"மனை பாக்க வந்தோம்."

"ஆமா, சொன்னான். கல்யாணச் செலவுக்கு அந்தக் கோடியில ரெண்டு மனை குடுக்கப் போறேன்னு. பாவம், ஒத்தை ஆளா இழுக்கறான்."

"கோடியிலயா?"

"அந்தப் பனைமரத்துப் பக்கம்."

சத்தியவதி திரும்பி அந்த வெள்ளைக் கற்களைப் பார்த்தாள்.

"இந்தக் கல்லெல்லாம் எதுக்குன்னு சொன்னாங்க?"

"சர்க்கார்ல அளந்துட்டுப் போனாங்களாம். விமானம் வருதில்ல." நூகரத்னம் உட்கார்ந்து மறுபடி கொட்டை திருகத் தொடங்கினாள். "வீட்டுக்காரரு போய்ச் சேர்ந்த பிறகு, பத்தொன்பது வருஷமா இங்கதான் இருக்கேன். இந்த மரமெல்லாம் அப்பா வச்சது. தண்ணி ஊத்தினது நான். என்ன, இப்ப விமானம் வந்தா பறவை வராதுங்கறாங்க. கொறிக்கற அணிலும் வராம இருந்தா நல்லதுதான்."

அவள் சிரித்தாள். சத்தியவதியால் சிரிக்க முடியவில்லை. சொம்பை வைத்துவிட்டு வந்தாள்.

"சன்யாசிராவ் காரு" என்று மரியாதை குறையாமலே கூப்பிட்டாள். "உங்களுக்குத் தங்கச்சி இருக்கறதா காகிதத்துல இல்லையே."

அப்பலராஜு இருமினார். சன்யாசிராவின் முகம் மாறியது.

"அவளுக்குக் கல்யாணத்துலயே மஞ்சள் குங்குமச் சீர்னு செய்ய வேண்டியதைச் செஞ்சு அனுப்பியாச்சும்மா. அரை காசு குறைக்கல. புருஷன் போனதும் கூட்டிட்டு வந்து இருக்க இடம் குடுத்தது யாரு? நானு. நாளைக்கும் ஊருக்குள்ள ஒரு ரூம் பாத்து வச்சிருக்கேன். தெருவுல விடல."

"அவ கையெழுத்து வேணும்."

"எதுக்கு? தம்பி எனக்கு அதிகாரப் பத்திரம் அனுப்பிட்டான், வக்கீலே பாத்துச் சரின்னுட்டாரு." குரல் உயர்ந்தது. "கேக்கறேன்னு தப்பா எடுத்துக்காதீங்க. உங்க அப்பா சொத்துல நீங்க பங்கு வாங்கினீங்களாம்மா?"

தேஜா முந்திக்கொண்டான். "எங்க அம்மா ஒரு பைசா வாங்கல. அவங்க தம்பி, எங்க மாவய்யாவுக்கு எழுதிக் குடுத்துட்டாங்க." சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்த கதை. சொல்லும்போது அவன் தலை நிமிர்ந்திருந்தது.

"அப்படிச் சொல்லுங்க!" என்றார் அப்பலராஜு. "பெரிய மனசு."

சத்தியவதி செம்மண்ணைப் பார்த்தாள். இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை, இரண்டு டிரிப்புக்கு நடுவே, பேருந்து நிலையத்துக் கூட்டத்தில் தம்பி வேணு வந்து நின்றது நினைவுக்கு வந்தது. அப்பா காரியம் முடிந்து பதினெட்டாவது நாள். 'அக்கா, சும்மா ஒரு கையெழுத்து.' டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். டிக்கெட் பெட்டி மேலேயே காகிதத்தை வைத்துப் போட்டுக் கொடுத்தாள். படிக்கத் தெரியாதவளில்லை. படித்தால் தம்பியைச் சந்தேகப்பட்ட மாதிரி ஆகிவிடுமே என்று படிக்கவில்லை. அன்று சாயங்காலம் கடைசி டிரிப்பில் சில்லறை தப்புத்தப்பாக வந்தது. ஏன் என்று தன்னையே கேட்டுக்கொள்ளவும் இல்லை. ஊர் மெச்சியது. மெச்சட்டும் என்று இருந்துவிட்டாள்.

"எழுதிக் குடுக்கல" என்றாள்.

தேஜா திரும்பினான்.

"நான் குடுக்கல. வேணு எழுதி வாங்கிட்டான். ரெண்டும் வேற."

தேஜா தாயின் கையைப் பிடித்துக் கார் பக்கம் கூட்டிக்கொண்டு போனான்.

"என்னம்மா இது? யாரோ முன்னாடி வீட்டு விஷயத்தை..."

"நீதானே ஆரம்பிச்சே."

"சரி, விடு. இது முதலீடு. தர்மச் சத்திரம் கட்ட வரல. அந்தம்மா படிக்காதவங்க. கோர்ட்டு கேஸுன்னு போக மாட்டாங்க. இப்ப விட்டா இந்த விலைக்கு இந்த ரோட்டுல கிடைக்காது."

"அவ போக மாட்டா. அவளுக்குப் பொண்ணோ பையனோ, யாராவது ஒருத்தர் நம்ம பேத்தி விக்கப் போற அன்னிக்கு வந்து நிப்பாங்க. மறந்துட்டுப் பதினஞ்சு வருஷம் இருக்கணும்னியே. இதை வாங்கிட்டு நான் ஒரு நாள் மறப்பேனாடா?"

தேஜா ஃபோனை எடுத்துக்கொண்டு தள்ளிப் போனான்.

சத்தியவதி மறுபடி அந்த வாசலுக்குப் போனாள். சுற்றி வளைக்கவில்லை. இருபத்திரண்டு மனை என்றாள், இந்த வீடு ஏழாம் எண் என்றாள், அவள் பெயர் காகிதத்தில் இல்லை என்றாள். நூகரத்னத்தின் விரல்கள் திருகிக்கொண்டிருந்த பழத்தோடு நின்றன.

"நீங்க வேற யாரையோ சொல்றீங்க அக்கா."

"மூணு மணிக்குப் பத்திரம் எழுதறவர்கிட்ட போறோம். நீ வந்தா உங்க அண்ணன் கோவிச்சுப்பாரு. வராட்டியும் நான் இன்னிக்கு வாங்கப் போறதில்ல. ஆனா வேற யாராவது வாங்குவாங்க. அவங்க உங்கிட்ட தண்ணி கேக்க மாட்டாங்க."

நூகரத்னம் கையிலிருந்த பழத்தைக் கீழே வைத்தாள்.

"உங்களுக்கு இதுல என்னக்கா?"

"எனக்கு நிலம் வேணும். ரொம்பப் பிடிச்சிருக்கு. அதுதான்."

அவள் எழுந்து உள்ளே போனாள். முகம் கழுவி, மடிப்புக் கலையாத ஒரு சேலை கட்டிக்கொண்டு வந்து கதவைச் சாத்தினாள். சன்யாசிராவ் தன் பைக்கின் பக்கத்தில் நின்று, தங்கை காரில் ஏறுவதைப் பார்த்தார். தடுக்கவில்லை.

பத்திர எழுத்தரின் கடையில் மின்விசிறி கரகரத்தது. மேசைக்கு இந்தப் பக்கம் எல்லோரும் நெருக்கி உட்கார்ந்தார்கள். எழுத்தர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார்.

"தொடங்கலாமா?"

"அதுக்கு முன்னால வாரிசுச் சான்றிதழை ஒரு தடவை சத்தமா படிங்க" என்றாள் சத்தியவதி.

"எதுக்கு மேடம், நீங்கதான் பாத்துட்டீங்களே" என்றார் அப்பலராஜு.

"படிங்க."

எழுத்தர் படித்தார். "தாடிவலசை கிராமம், காலஞ்சென்ற அப்பண்ணா என்பவருக்குச் சட்டப்படியான வாரிசுகள்... மூத்த குமாரர் சன்யாசிராவ், இளைய குமாரர் குருமூர்த்தி. ஆக இருவர். இவர்களைத் தவிர வேறு வாரிசு கிடையாது என மனுதாரர் உறுதி கூறியிருக்கிறார்."

நூகரத்னம் எழுத்தரின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் காகிதத்தைக் கீழே வைத்த பிறகும் பார்த்தாள். பிறகு அண்ணன் பக்கம் திரும்பினாள்.

"மனுதாரர்னா யாரு அண்ணா?"

சன்யாசிராவ் தலை குனிந்திருந்தார்.

"சும்மா ஒரு காகிதம்தான் நூகா. ஆபீஸுக்குன்னு குடுக்கறது..."

"அப்பா சாகறப்ப என் மடியிலதானே தலை வச்சிருந்தாரு. நீ டாக்டரைக் கூப்பிடப் போயிருந்தே. 'நூகா, மோட்டாரை நிறுத்தினியா'ன்னு கேட்டாரு. அதுதான் கடைசிப் பேச்சு." அவள் குரல் ஏறவேயில்லை. "நான் செத்துட்டேன்னு எழுதியிருந்தாக்கூடப் பொறுத்திருப்பேன் அண்ணா. பொறக்கவே இல்லைன்னு எழுதிட்டியே."

தேஜா எழுந்து வாசலுக்குப் போய் நின்றுகொண்டான். முதுகு மட்டும் தெரிந்தது.

"உனக்குப் பங்கு வேணுமா? சொல்லு" என்றார் சன்யாசிராவ். கேட்டபோது அவர் உதடு கோணியது. கோபமா அழுகையா என்று சொல்ல முடியவில்லை.

"அது அப்புறம். பொண்ணு கல்யாணம் நிக்கக்கூடாது. என் பொண்ணு மாதிரிதான் அவளும். பங்கு, வீடு, மரம் எல்லாம் உக்காந்து பேசலாம்." நூகரத்னம் விரலை அந்தக் காகிதத்தின் மேல் வைத்தாள். அவளுக்கு எழுத்து தெரியாது. எந்த வரியின் மேல் விரல் இருக்கிறது என்பதும் தெரியாது. "முதல்ல இதுல என் பேரை எழுது. அப்பண்ணாவுக்கு மூணு பிள்ளைங்கன்னு எழுது. அதுக்குப் பிறகு எங்க கை வைக்கச் சொன்னாலும் வைக்கறேனா இல்லையான்னு நான் யோசிக்கறேன்."

சன்யாசிராவ் அந்த விரலைப் பார்த்தார்.

"மாத்தறதுக்கு என்ன செய்யணும்?" என்று எழுத்தரைக் கேட்டார் சன்யாசிராவ்.

"புது மனு குடுக்கணும். அண்ணன் தம்பி ரெண்டு பேரும் நேர்ல வந்து சம்மதிச்சுக் கையெழுத்துப் போடணும். தம்பி எப்ப வர்றாரு?"

"மே மாசம் லீவு."

"அவரு ஒத்துப்பாரா?"

தங்கையும் அண்ணனும் ஒரே நேரத்தில் தரையைப் பார்த்தார்கள்.

"மேடம்" என்று அப்பலராஜு கையைப் பிசைந்தார். "மே மாசத்துக்குள்ள விலை எங்கயோ போயிடும். இப்ப ஒரு அட்வான்ஸாவது போட்டு வச்சீங்கன்னா..."

"பதினஞ்சு வருஷம் காத்திருக்க வந்தவளுக்கு ரெண்டு மாசம் பெருசா?" சத்தியவதி எழுந்தாள். "சன்யாசிராவ் காரு, மனை எனக்குப் பிடிச்சிருக்கு. உங்க தங்கச்சி குடுக்கறேன்னு சொன்னா வாங்கறேன். எத்தனாம் எண்ணுன்னு அவளே சொல்லட்டும்."

அவர் அவளைப் பார்க்காமலேயே கும்பிட்டார்.

வெளியே நான்கு மணி வெயில். நூகரத்னத்தைக் காரில் கொண்டுபோய் விடுவதாகச் சத்தியவதி சொன்னாள். அதற்குள் சன்யாசிராவ் பைக்கை உதைத்துக் கிளப்பியிருந்தார். போகவில்லை. முன்னால் பார்த்தபடியே காலூன்றி நின்றார். நூகரத்னம் கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு போய்ப் பின்னால் உட்கார்ந்தாள். நடுவில் ஒரு ஆள் உட்காரும் அளவுக்கு இடைவெளி விட்டு, அண்ணன் தோளைப் பிடிக்காமல், இருக்கையின் பின்கம்பியைப் பிடித்துக்கொண்டாள். பைக் புழுதியில் மறைந்தது.

திரும்பும் வழியில் தேஜா விமான நிலையத்து மதிலைப் பார்க்கவே இல்லை. பாதி தூரம் வந்த பிறகுதான் வாய் திறந்தான்.

"மௌனிகாகிட்ட என்ன சொல்ல? ஃபிளாட்தான் வாங்கணும்னு மறுபடி ஆரம்பிப்பா."

"ஆரம்பிக்கட்டும். அவ சொல்றதையும் ஒரு தடவை போய்ப் பாத்துட்டு வரலாம்."

கொஞ்ச தூரம் போனது.

"அம்மா. நீ சொன்னது... நிஜமா?"

"எது?"

"எழுதி வாங்கிட்டான்னு."

சத்தியவதி பதில் சொல்ல வாய் திறக்கும்போது ஃபோன் அடித்தது. திரையில் வேணு. பண்டிகை தவிர மற்ற நாளில் அழைக்காதவன். அவள் மகனைப் பார்த்தாள். தேஜா ஸ்டியரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டு நேரே பார்த்தான்.

"நான்தான்மா. கோவத்துல, அங்க நிக்கறப்ப மாவய்யாவுக்குப் போன் பண்ணி... நீ இப்படிப் பேசறேன்னு சொல்லிட்டேன்."

ஃபோன் அடித்துக்கொண்டே இருந்தது. சத்தியவதி எடுத்துக் காதில் வைத்தாள்.

"அக்கா!" வேணுவின் குரலில் மூச்சு வாங்கியது. "யாரோ ஊரு பேரு தெரியாதவங்க முன்னாடி என்னைத் திருடன்னு சொன்னியாமே?"

"அந்த வார்த்தையை நான் சொல்லல."

"பின்ன என்ன சொன்னே?"

முன்னால் ஒரு பேருந்து நிறுத்தத்தில் நின்றது. ஆட்கள் இறங்கினார்கள், ஏறினார்கள். தேஜா ஒதுங்கிப் போகாமல் அதன் பின்னாலேயே காரை நிறுத்தினான்.

"ஃபோன்ல வேண்டாம் வேணு" என்றாள் சத்தியவதி. அன்று முழுவதும் முதல் தடவையாக அவள் இருக்கையில் நன்றாகச் சாய்ந்துகொண்டாள். "நாளைக்கு வீட்டுக்கு வா. வர்றப்ப அந்தப் பத்திரத்தையும் எடுத்துட்டு வா. நான் அதை இன்னும் படிக்கல."